பன்னிரண்டு வயதில் போர்முனைக்குப் போனவர் உண்மையிலேயே உண்டா?

கேள்வி: முதல் உலகப் போரில் பிரிட்டிஷ் படையில் சேர 18 வயது, கடல் கடந்து போரிட 19 வயது என்று படித்தேன். பிறகு எப்படி ஒரு சிறுவன் உள்ளே நுழைந்தான்?

பதில் 1: பிறப்புச் சான்றிதழ் யாரும் கேட்கவில்லை. வாயால் சொன்ன வயதே பதிவேட்டில் ஏறியது. லண்டனின் டூட்டிங் பகுதியைச் சேர்ந்த சிட்னி லூயிஸ் 1915 ஆகஸ்டில், 12 வயதில், கிழக்கு சர்ரே படைப்பிரிவில் சேர்ந்தார். 13 வயதில் பிரான்ஸின் சோம் போர்க்களத்தில் இயந்திரத் துப்பாக்கிப் படையில் இருந்தார். அங்கே பயன்பட்ட விக்கர்ஸ் இயந்திரத் துப்பாக்கியைத் தூக்கவும், சூடு தணிய அதற்குத் தண்ணீர் ஊற்றவும், குண்டுப் பட்டையை ஊட்டவும் ஒரு குழுவே வேண்டும். என் பேரனுக்கும் 13தான். புத்தகப் பையைச் சுமக்கவே முனகுகிறான்!

பதில் 2: நம்ப முடியவில்லை. வீட்டார் கட்டிய கதையாக இருக்கும்.

பதில் 1: நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் குடும்பத்தார் வைத்திருந்த ஆவணங்களைப் பார்த்து, 2013இல் லண்டன் இம்பீரியல் போர் அருங்காட்சியகம் அதை உறுதிசெய்தது. தாய் பிறப்புச் சான்றிதழைப் போர் அலுவலகத்துக்கு அனுப்பிய பிறகே பையன் வீடு திரும்பினான். என்னைக் கேட்டால், அந்தத் தாய்க்கும் ஒரு பதக்கம் கொடுத்திருக்கலாம்.

கேள்வி கேட்டவர்: இரண்டாம் போரில் என்ன செய்தார்?

பதில் 1: 1918இல் மறுபடியும் படையில் சேர்ந்தார்; அடங்கவில்லை பாருங்கள். பிறகு லண்டனை அடுத்த கிங்ஸ்டனில் போலீஸ்காரரானார். இரண்டாம் உலகப் போரில் வெடிகுண்டு அகற்றும் பணி. 1969இல் காலமானார்.