8 ராணி, 32 குதிரை புதிர்: பசங்களுக்கு எப்படி புரிய வைக்கறது?

கட்டம்கட்டமா:
வணக்கம் மக்களே. லீவு நாள்ல ஆறாவது ஏழாவது படிக்கற பசங்களுக்கு செஸ் சொல்லிக் குடுக்கறேன். ஓப்பனிங் மட்டுமே ஓட்டினா சலிச்சுப் போறாங்க, அதனால ஒண்ணை ஒண்ணு வெட்டாத மாதிரி காய் வைக்கற புதிர்களை ஆரம்பிச்சேன், செம ஆர்வம். ஆனா 8 ராணி குடுத்தா ஏழு வரைக்கும் வச்சுட்டு எட்டாவதுக்கு இடம் இல்லன்னு மொத்தத்தையும் கலைச்சுடறாங்க. குதிரைல இன்னொரு சிக்கல். ஒரு பொண்ணு எல்லா கருப்பு கட்டத்துலயும் குதிரையை வச்சு "32 வச்சுட்டேன் சார், 33 ஏன் முடியாது?"ன்னு கேட்டா. ரொம்ப நல்ல கேள்வி, அந்த வயசுக்குப் புரியற மாதிரி பதில் வேணும். யாராவது சொல்லுங்களேன்.

யானைப்படை:
சார் அந்தப் பொண்ணை விட்டுடாதீங்க, அவ கேட்டதுதான் இந்தப் புதிர்களோட உயிரே. வைக்கறது பாதி வேலைதான், இதுக்கு மேல ஏன் முடியாதுன்னு காட்டறதுதான் மீதி.

குதிரைக்கு இப்படி சொல்லுங்க. போர்டுல நீளம் 4, அகலம் 2ன்னு ஒரு துண்டு எடுங்க, எட்டு கட்டம். மேல் வரிசைல முதல் கட்டத்துல இருந்து குதிரை கீழ் வரிசைல மூணாவதுக்குத் தாவும், மேல ரெண்டாவதுல இருந்து கீழ நாலாவதுக்கு, அதே மாதிரி கீழ இருந்து மேல. ஆக எட்டு கட்டமும் நாலு ஜோடியா பிரிஞ்சிடும், ஒரு ஜோடில ரெண்டு கட்டத்துலயும் குதிரை வச்சா ஒண்ணை ஒண்ணு வெட்டிடும், அதனால ஜோடிக்கு ஒண்ணுதான். ஒரு துண்டுல அதிகபட்சம் 4, முழு போர்டுல எட்டு துண்டு, 32. முடிஞ்சுது. கலர் பென்சில் குடுத்து ஜோடி ஜோடியா அடிக்கச் சொல்லுங்க, அவங்களே கண்டுபிடிச்சிடுவாங்க.

ராஜாவுக்கும் இதே கதைதான், 2க்கு 2 பெட்டியா பிரிச்சா பெட்டிக்கு ஒரு ராஜா, மொத்தம் 16.

பிஷப் இன்னும் அழகு. ஒரே பக்கமா சாயற மூலைக்கோடு மொத்தம் 15 இருக்கு, கோட்டுக்கு ஒரு பிஷப்னா 15 வரணும் இல்லையா, ஆனா அந்த 15ல ரெண்டு கோடு வெறும் ஒத்தை மூலைக் கட்டம், அந்த ரெண்டு மூலையும் எதிர் பக்கமா போற பெரிய கோட்டுல நேருக்கு நேர் பாத்துக்குது, ரெண்டுலயும் வைக்க முடியாது. அதான் 14. கீழ் வரிசைல எட்டும், மேல் வரிசைல ரெண்டு மூலையை விட்டுட்டு ஆறும் வச்சுப் பாருங்க, கச்சிதமா உக்காரும்.

ராத்திரி ஆட்டம்:
ராணிக்கு நான் சொல்றேன். நேரா ராணிக்குப் போகாதீங்க, முதல்ல 8 யானை வைக்கச் சொல்லுங்க. வரிசைக்கு ஒண்ணு, பத்திக்கு ஒண்ணு, அவ்வளவுதான், இதுக்கு 40320 வழி இருக்கு. ராணி விடை எல்லாமே இந்த 40320க்குள்ளதான் இருக்கு, மூலைக்கோடும் இடிக்கக் கூடாதுன்னு சேர்த்தா 92 மட்டும் மிஞ்சும்.

இதை நம்பரா எழுதப் பழக்குங்க. ஒவ்வொரு வரிசைலயும் ராணி எத்தனாவது கட்டம்னு வரிசையா எழுதணும், உதாரணம் 2 4 6 8 3 1 7 5. இது சரியான்னு பாக்க போர்டே வேணாம், இதுகூட 1 2 3 4 5 6 7 8ஐ கூட்டுங்க: 3 6 9 12 8 7 14 13, எதுவும் ரிப்பீட் ஆகல. அடுத்து 8 7 6 5 4 3 2 1ஐ கூட்டுங்க: 10 11 12 13 7 4 9 6, இதுவும் ரிப்பீட் இல்ல, அப்ப ரெண்டு பக்க மூலைக்கோடும் சேஃப். கணித மேதை காஸ் இந்தப் புதிர் பத்தி நண்பர் ஷூமாக்கருக்கு எழுதின கடிதத்துல வர்ற வழி இது, ஆனா ஆறாங்கிளாஸ் கூட்டல் தெரிஞ்சா போதும்.

கட்டம்கட்டமா:
ரெண்டு பேருக்கும் ரொம்ப நன்றி! கூட்டிப் பாக்கற வழி எனக்கே புதுசு, அடுத்த கிளாஸ்ல இதான். ஒரு சந்தேகம், போர்டைத் திருப்பி வச்சா அதையும் தனி விடையா எண்றாங்களா?

சிப்பாய்அண்ணன்:
ஆமா, 92 அப்படி எண்ணினதுதான். திருப்பறது, கண்ணாடில பாக்கறது எல்லாத்தையும் ஒண்ணா எடுத்தா 12தான். அதுல 11 விடை எட்டெட்டா விரியும், 88. மிச்சம் ஒண்ணு நாலுதான் குடுக்கும், ஏன்னா அது அரைச் சுத்து சுத்தினாலும் அதேதான். 3 5 2 8 1 7 4 6, வச்சுத் திருப்பிப் பாருங்க. 1848ல மாக்ஸ் பெஸல்ங்கறவர் பெர்லின் செஸ் பத்திரிகைல கேட்டது, 1850லயே ஃப்ரான்ஸ் நௌக் 92ன்னு விடை குடுத்துட்டார்.

பசங்க ஏழுல மாட்டறாங்கன்னு சொன்னீங்கல்ல, கலைக்க விடாதீங்க, கடைசியா வச்ச ராணியை மட்டும் எடுத்து அடுத்த கட்டத்துக்கு நகத்தச் சொல்லுங்க, அதுவும் ஆகலன்னா அதுக்கு முந்தினதை. கம்ப்யூட்டர் புரோகிராமும் இப்படித்தான் தேடும். 4க்கு 4 போர்டுல பழக்கினா சீக்கிரம் பிடிபடும், விடை 2 4 1 3.

இன்னொண்ணு, முதல் ராணியை எந்தக் கட்டத்துல வச்சாலும் 8 வரைக்கும் போக வழி இருக்கு. மூலைல வச்சா 4 விடைதான், கஷ்டம். அதே ஓர வரிசைல நடுக் கட்டத்துல வச்சா 18 விடை. அதனால சின்னப் பசங்களுக்கு நடுவுல வச்சுக் குடுங்க, 33 ஏன் முடியாதுன்னு கேட்ட பொண்ணுக்கு மூலைல வச்சுக் குடுங்க.