ஸ்பேஸைத் தூக்கப் போய்…

கல்முனைக்காரன்:
மருதமுனையில் ஒரு கைத்தறிச் சாரிக்கடைக்கு இணையத்தளம் செய்து கொடுத்திருந்தேன். போனில் திறந்தால் கொஞ்ச நேரம் வெறும் வெள்ளைத் திரைதான். பக்கத்தின் நிறம், அளவு, அமைப்பையெல்லாம் சொல்லும் சிஎஸ்எஸ் கோப்பு முழுக்க இறங்கும்வரை பிரவுசர் பக்கத்தை வரையாது. சரி, தேவையில்லாத எழுத்துகளை நீக்கிக் கோப்பைச் சுருக்குவோம் என்று உட்கார்ந்தேன். அதற்கென்றே கருவிகள் இருக்க, நான் நோட்பேடில் ரிப்ளேஸ் போட்டு எல்லா ஸ்பேஸையும் ஒரேயடியாகத் தூக்கினேன். இரவு 1 மணிப் புத்தி.

விடியக் காலையில் கடைக்காரக் காக்கா (அண்ணன்) அழைத்தார். "தம்பி, சாரியெல்லாம் ஒண்டுக்கு மேல ஒண்டு கிடக்கு. விலையையும் காணல்ல."

பள்ளிக்கூடத்தில் 'பலகை' வேறு, 'பல கை' வேறு என்று படித்தோமே, அதே கதைதான். சிஎஸ்எஸ்ஸில் பக்கத்தின் பகுதிகளைக் குறிக்கும் இரண்டு கிளாஸ் பெயர்களுக்கு நடுவே ஸ்பேஸ் இருந்தால் 'இதற்குள்ளே இருக்கும் அது' என்று பொருள். எடுத்துவிட்டால் 'இரண்டு பெயரும் சேர்ந்த ஒன்று'. அப்படி ஒன்று என் பக்கத்தில் எங்கே இருக்கிறது? அளவுகளைக் கணக்கிடும் கால்க் (calc) என்பதிலும் கூட்டல், கழித்தல் குறிகளின் இரு பக்கமும் ஸ்பேஸ் வேண்டும். இல்லையென்றால் பிரவுசர் அந்த வரியையே தள்ளிவிடும். அகலக் கணக்கெல்லாம் அப்படித்தான் போனது.

அப்புறம் ஒழுங்காக சிஎஸ்எஸ்நானோ என்ற சுருக்கும் கருவியில் போட்டேன். கமெண்ட் (நமக்காக எழுதி வைக்கும் குறிப்பு), வரிமுறிவு, அடைப்புக்கு முன் நிற்கும் கடைசி அரைப்புள்ளி எல்லாம் போகும். வெள்ளை நிறத்துக்கு எழுதும் ஆறு எஃப் (#ffffff) மூன்றாகும். எது தேவையான ஸ்பேஸ் என்று அதற்குத் தெரியும். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். நான் வைத்திருந்த பூட்ஸ்ட்ராப் 3.3.7 என்ற ஆயத்த சிஎஸ்எஸ் கோப்பு சுருக்காமல் ஏறக்குறைய 146 கேபி, சுருக்கியது 121. இவ்வளவு பாடுபட்டு அவ்வளவுதான். சர்வரில், கோப்பை அமுக்கி அனுப்பும் ஜிசிப்பைத் திறந்துவிட்டதும் இறங்குவது 20 கேபி அளவுக்கு வந்துவிட்டது. அதை முதலிலேயே பார்த்திருக்கலாம். (சாரிப் படங்கள் ஒவ்வொன்றும் 4 எம்பி. அது வேறு வழக்கு.)

களுவாஞ்சிகுடி:
எனக்கு எழுத்துரு போனது. ஐந்து கோப்புகளை ஒன்றாக ஒட்டிச் சுருக்கினேன். தமிழ் எழுத்துருவைக் கூப்பிடும் இம்போர்ட் வரி நடுவில் மாட்டிக்கொண்டது. அது மற்ற விதிகளுக்கு முன்னால் நின்றால்தான் செல்லும். பிழைச் செய்தி எதுவும் கண்ணில் படவில்லை. தலைப்பெல்லாம் வேறு எழுத்தில் நிற்பதை எங்கள் மாமிதான் முதலில் கண்டா.

கல்லடியான்:
நீங்கள் பரவாயில்லை. நான் சுருக்கியதை மூலக் கோப்பின் மேலேயே சேமித்துவிட்டேன். மொத்தமும் ஒரே வரி, கல்லடிப் பாலத்தை விட நீளம். வரி பிரித்து அடுக்கும் பியூட்டிஃபை கருவியில் போட்டால் வரிகள் திரும்பி வந்தன, கமெண்ட் வரவில்லை. 'இதைத் தொடாதே' என்று நானே எழுதி வைத்த கமெண்ட் ஒன்று இருந்தது. எந்த இடத்துக்கு எழுதினேன் என்று இன்னும் தேடுகிறேன்.