நகராட்சி இந்த வருடம் என்ன செய்தது என்று எங்கே பார்ப்பது?

நீலகிரியில் ஒரு நகராட்சி வார்டில் இருக்கிறோம். சொத்து வரி, தண்ணீர்க் கட்டணம் பாக்கி இல்லை. ஆனால் எங்கள் தெருப் படிக்கட்டின் கைப்பிடிக் கம்பி துருப்பிடித்து ஆடுகிறது. பனிக்காலத்தில் வயதானவர்கள் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் இறங்குகிறார்கள். எங்கள் வார்டுக்கு என்ன வேலை ஒதுக்கினார்கள், எது முடிந்தது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பதில் 1:
தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005-ன்படி கேளுங்கள் அக்கா. பொதுத் தகவல் அலுவலருக்கு மனு எழுதி, 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டினால் போதும். 30 நாளுக்குள் பதில் தர வேண்டும். ‘என்ன செய்தீர்கள்’ என்று மொட்டையாகக் கேட்டால் மொட்டையாகத்தான் பதில் வரும். மன்றத் தீர்மானம், மதிப்பீடு, பணி ஆணை, அளவுப் புத்தகம் இவற்றின் நகல் கேளுங்கள். அளவுப் புத்தகம்தான் முக்கியம். எத்தனை மீட்டர் கம்பி போட்டதாக எழுதியிருக்கிறது என்று அதில் இருக்கும். டேப் எடுத்துப்போய் நீங்களே அளந்துவிடலாம்.

பதில் 2:
வார்டு மக்கள் கூடிக் குறைகளைச் சொல்லும் ஏரியா சபைக் கூட்டத்தையும் விடாதீர்கள். கோரிக்கையை எழுதிக் கொடுத்து, பதிவேட்டில் ஏற்றச் சொல்லுங்கள். நிதியாண்டு ஏப்ரலில் தொடங்கினாலும் ஜூனில் மழை பிடித்துவிட்டால் நம் மலையில் சிமெண்ட் வேலை நகராது. அதனால் பட்ஜெட்டுக்கு முன்பே கொடுத்துவிடுங்கள்.

கேட்டவர்:
சரி தம்பி, மனு எழுதுகிறேன். படிக்கட்டின் போட்டோவையும் இணைக்கலாமா?