வீட்டில் செய்த டிவி ரெக்கார்டர்: நெல்லைப் பக்கத்துக்காரர்கள் உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

பாளை மாடிவீடு:

பழைய கணினியை வைத்து டிவி நிகழ்ச்சிகளைப் பதிவு செய்கிறவர்கள் நம்ம பக்கத்தில் எத்தனை பேர் இருக்கிறீர்கள் என்று தெரியவில்லை. இருப்பவர்கள் கதையைச் சொல்லுங்கள். முதலில் என்னுடையது.

திரை உடைந்த லேப்டாப் ஒன்று, யூஎஸ்பியில் செருகி செயற்கைக்கோள் சிக்னலை வாங்கும் டிவிபி-எஸ்2 டியூனர், 1 டெராபைட் ஹார்ட் டிஸ்க், மொட்டை மாடியில் டிடி ஃப்ரீ டிஷ். லினக்ஸில் டிவிஹெட்எண்ட் என்ற பதிவு மென்பொருள் ஓடுகிறது. வானத்திலிருந்து வரும் டிஜிட்டல் தரவை அப்படியே டிஸ்க்கில் இறக்கி வைப்பது மட்டும்தான் வேலை. படத்தைப் புதிதாகச் சுருக்க வேண்டியதில்லை என்பதால் எவ்வளவு பழைய லேப்டாப்பும் போதும். நொடிக்கு 4 மெகாபிட்டில் வரும் சேனல் மணிக்கு 1.8 ஜிபி பிடிக்கும். ஒரே டிரான்ஸ்பாண்டரில், அதாவது செயற்கைக்கோளின் ஒரே அதிர்வெண்ணில் சேர்ந்து வரும் சேனல்கள் என்றால், ஒரு டியூனரை வைத்தே இரண்டு மூன்றை ஒரே நேரத்தில் பதியலாம். இதைக் கடைக்காரர் யாரும் சொல்வதில்லை.

இப்போது என் தலைவலி. மார்ச் நடுவில், காலை பதினொரு மணி வாக்கில் பதிவு சிதறுகிறது. படம் கட்டம் கட்டமாக உடைகிறது, ஒலி கீச்சிடுகிறது, சில நிமிடத்தில் தானாகச் சரியாகிவிடுகிறது. மறுநாளும் அதே நேரம். மழை இல்லை, காற்று இல்லை. கேபிளை மாற்றியாயிற்று, டியூனரை வேறு போர்ட்டில் செருகியாயிற்று. பக்கத்து வீட்டில் அந்த நேரம் மோட்டார் போடுகிறார்களா என்றுகூடக் கேட்டுவிட்டேன். யாருக்காவது இப்படி வந்திருக்கிறதா?

அம்பை ஆற்றங்கரை:

அண்ணாச்சி, உங்கள் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. ஆனால் நான் இந்த வேலையில் இறங்கியது கேபிள் இன்னும் அனலாக்காக இருந்த காலம். பிடி878 சிப் போட்ட டியூனர் கார்டு, பென்டியம் கணினி. அந்தக் கார்டு படத்தை மட்டும்தான் வாங்கும், ஒலியைத் தனி ஒயர் வழியாக சவுண்ட் கார்டுக்குக் கொடுக்க வேண்டும். இரண்டுக்கும் கடிகாரம் வேறு வேறு. பதிவு தொடங்கும்போது சரியாக இருக்கும், ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்தால் வசனம் முடிந்த பிறகு வாய் அசையும். எங்கள் மைனி அதைப் பார்த்துவிட்டு, டப்பிங் படம் என்றே நினைத்துக்கொண்டிருந்தார். படத்தையும் ஒலியையும் ஒன்றாகச் சேர்த்து, கார்டிலேயே எம்பெக்-2 வடிவில் சுருக்கித் தரும் வகை வந்த பிறகுதான் இந்தத் தொல்லை தீர்ந்தது.

இன்னொன்று எர்த். வீட்டு பிளக்கில் மூன்றாவது ஓட்டை பேருக்குத்தான் இருந்தது. கேபிள் ஒயரைக் கார்டில் திருகும்போது கையில் ஜிவ்வென்று ஏறும், திரையில் இரண்டு பட்டைக் கோடுகள் மெதுவாக மேலே ஊர்ந்துகொண்டே இருக்கும். மென்பொருளில் என்ன மாற்றினாலும் போகாது. எலக்ட்ரீஷியனை வைத்து முறையாக எர்த் போட்டதும் கோடுகள் போய்விட்டன. கார்டின் முடிவு ஐப்பசி இடியில். தெருவில் விழுந்த இடி கேபிள் வழியாக வந்து, கார்டையும் மதர்போர்டையும் சேர்த்துக் கொண்டுபோனது. இன்றும் வானம் இருட்டினால் முதலில் ஒயரைக் கழற்றுவதுதான் எனக்குப் பழக்கம்.

பணகுடி காற்றாடி:

எங்கள் ஊரில் கம்ப்யூட்டர் எல்லாம் அப்புறம், முதலில் டிஷ் நிற்க வேண்டும். ஆரல்வாய்மொழிக் கணவாயில் புகுந்து வரும் காற்றுக்குத்தான் இங்கே இத்தனை காற்றாலைகள். ஆனியில் பிடித்தால் ஆவணி வரை விடாது. ஃப்ரீ டிஷ் வருவது கிழக்கே 93.5 பாகையில் இருக்கும் ஜிசாட்-15லிருந்து. திருநெல்வேலியிலிருந்து பார்த்தால் அது தென்கிழக்கில், ஏறத்தாழ 69 பாகை உயரத்தில் இருக்கிறது. ஆக டிஷ் தென்கிழக்கைப் பார்க்கிறது, காற்று மேற்கிலிருந்து முதுகில் அடிக்கிறது. ஒரேயடியாகச் சாய்ந்தால் கண்டுபிடித்துவிடலாம். இது நட்டை மயிரிழை மயிரிழையாகத் தளர்த்தும். டிவியில் படம் நன்றாகவே தெரியும், பதிவை எடுத்துப் பார்த்தால் மட்டும் அங்கங்கே ஒரு சொடுக்கு. டிவிஹெட்எண்டில் முடிந்த பதிவுகளின் பட்டியலில் பிழை எண்ணிக்கை என்று ஒரு பத்தி உண்டு. காற்று வீசும் நாளில் அது ஏறுவதையும் அடங்கிய நாளில் பூஜ்யமாக இருப்பதையும் பார்த்த பிறகுதான் மாடிக்கு ஏறினேன். டிஷ்ஷை மாடிப்படி அறையின் கிழக்குச் சுவரில் மாற்றி அடித்தேன். இப்போது காற்றைச் சுவர் வாங்கிக்கொள்கிறது. ஸ்பிரிங் வாஷர் போடுங்கள், இரட்டை நட்டு போடுங்கள். கல்லைத் தூக்கி வைப்பது எங்கள் ஊரில் வேலைக்கு ஆகாது.

சங்கரன்கோவில் பட்டாணி:

நான் கணினி எல்லாம் வைக்கவில்லை, பென் டிரைவ் செருகும் ஃப்ரீ டிஷ் பெட்டிதான். ஒவ்வொரு படத்திலும் கடைசிச் சண்டை பதிவாகாமல் போய்க்கொண்டிருந்தது. விளம்பரத்தோடு சேர்த்து மூன்று மணி நேரத்துக்கு மேல் ஓடும் படம், ஆனால் பதிவு இரண்டே கால் மணியில் நின்றுவிடும். பென் டிரைவ் ஃபேட்32 என்ற பழைய கோப்பு அமைப்பில் இருந்தது. அதில் ஒரு கோப்பு 4 ஜிபிக்கு மேல் வளராது. என்டிஎஃப்எஸ் ஆக மாற்றியதும் வில்லன் செத்தான். சில பெட்டிகள் என்டிஎஃப்எஸ்ஸை ஏற்காது, வாங்கும்போது கேட்டுக்கொள்ளுங்கள்.

களக்காடு வாழைத்தோட்டம்:

மின்வெட்டைப் பற்றி யாருமே பேசவில்லையே. எனக்கு எல்லாச் சிக்கலும் அதில்தான் தொடங்கியது. நான் வைத்திருந்தது ராஸ்ப்பெரி பை 4 என்ற சின்னப் பலகைக் கணினி. மின்சாரம் கொஞ்சமாகத் தின்னும், சத்தம் கிடையாது, எல்லாம் சரி. ஆனால் பை 4 வரைக்கும் வந்த பலகைகளில் பேட்டரியோடு கூடிய கடிகாரம் கிடையாது. கரண்ட் போய் வந்தால், கடைசியாகச் சேமித்து வைத்த நேரத்திலிருந்து மறுபடி எண்ணத் தொடங்கும். இணையம் வந்ததும் சரியான நேரத்தைக் கேட்டு வாங்கிக்கொள்ளும் என்பது ஏற்பாடு. எங்கள் தெருவில் வீட்டுக்குக் கரண்ட் வந்தாலும் இணையம் வர அரை மணி ஆகும், சில நாள் வரவே வராது. ஏழு மணிக்கு வைத்த பதிவு எட்டு மணிக்குத் தொடங்கும், அடுத்த நிகழ்ச்சியைச் சிரத்தையாகப் பதிந்து வைக்கும். எங்கள் ஆச்சிக்காகப் பதிவுக்கு வைத்த கச்சேரிக்குப் பதிலாக விவசாயிகளுக்கான நிகழ்ச்சி வந்தது. ஆச்சி அதையும் முழுக்கப் பார்த்தார் என்பது வேறு விஷயம்.

டிஎஸ்3231 என்று ஒரு சின்ன கடிகாரத் துண்டு விற்கிறார்கள், பட்டன் பேட்டரியோடு. பையின் ஊசிகளில் செருகி, இரண்டு வரி அமைப்பை மாற்றினால் போதும், நேரம் நிற்கும். இன்னொரு வழியும் உண்டு. செயற்கைக்கோள் தரவிலேயே நேரம் வருகிறது, அதை வாங்கிக் கணினிக் கடிகாரத்தைத் திருத்தும் வசதி டிவிஹெட்எண்டில் இருக்கிறது. ஆனால் சேனல்காரர்கள் எல்லோரும் நேரத்தைச் சரியாக அனுப்புவார்கள் என்று நம்பி உட்கார எனக்கு மனம் வரவில்லை.

பதிவு நடக்கும்போதே கரண்ட் போனால்? வானத்திலிருந்து வருகிறபடியே இறங்கும் டிஎஸ் கோப்பாகவே வைத்துக்கொள்ளுங்கள். போன நொடி வரைக்கும் உள்ளது ஓடும். எம்பி4 ஆக நேரடியாகப் பதிந்தால், அட்டவணையைக் கடைசியில்தான் எழுதும் என்பதால் பாதியில் நின்ற கோப்பு திறக்கவே திறக்காது. வீட்டு இன்வெர்ட்டரின் பின்னால் யூபிஎஸ் என்று ஒரு ஸ்விட்ச் இருக்கும், அதை அந்தப் பக்கம் தள்ளி வைத்தால் மாறுகிற நேரம் குறையும், கணினி விழாது. இவ்வளவும் செய்துவிட்டுச் சொல்கிறேன், பாளை அண்ணாச்சி வைத்திருக்கிற பழைய லேப்டாப்தான் புத்திசாலித்தனம். பேட்டரி உள்ளேயே, கடிகாரம் உள்ளேயே.

வள்ளியூர் டிஷ் மெக்கானிக்:

பாளை தம்பி, உங்கள் பதினொரு மணிக் கோளாறு கோளாறே இல்லை. சூரியன். மார்ச் நடுவிலும் செப்டம்பர் கடைசியிலும் ஒரு வாரம் போல, நம்ம ஊரிலிருந்து பார்க்கும்போது சூரியன் சரியாக அந்தச் செயற்கைக்கோளுக்குப் பின்னால் வந்து நிற்கும். சூரியனிடமிருந்தும் ரேடியோ இரைச்சல் வருகிறது. டிஷ் அதையும் சேர்த்துக் குவித்து, முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் எல்என்பி என்ற சிக்னல் வாங்கிக்குக் கொடுக்கும், சிக்னல் அதில் மூழ்கிவிடும். சூரியன் நகர்ந்ததும் பழையபடி ஆகிவிடும். டெல்லிக்காரர்களுக்கு மார்ச்சில் நமக்கு முன்னாலேயே வந்துவிடும், செப்டம்பரில் நமக்கு வந்த பிறகுதான் அங்கே. இந்த நாட்களில் ஃபோன் மேல் ஃபோன் வரும். ‘பதினைந்து நிமிடம் பொறுங்கள்’ என்று சொன்னால் யாரும் நம்புவதில்லை. நேரில் போய் டிஷ்ஷைத் தொட்டால்தான் அவர்களுக்குத் திருப்தி, அதற்குள் தானாகவே சரியாகியிருக்கும்.

இதில் உங்களுக்கு ஒரு லாபம் இருக்கிறது. அந்தச் சில நிமிடம் மாடியில் நில்லுங்கள். டிஷ் மேல் தென்னை ஓலையோ தண்ணீர்த் தொட்டியோ நிழல் போட்டால், அதுதான் சிக்னல் வழியில் குறுக்கே நிற்கிறது. மழைக்காலத்தில் முதலில் சிக்னல் போவது அந்த வீட்டுக்குத்தான். நிழல் இல்லையென்றால் டிஷ்ஷை விட்டுவிட்டு கனெக்டரைப் பாருங்கள். ஒயர் நுனியில் எஃப் கனெக்டரை முறுக்கும்போது ஒயரின் வெளி வலையின் ஒரு இழை நடுக்கம்பியைத் தொட்டாலும் எல்என்பிக்கு வோல்டேஜ் போகாது. உவரி, இடிந்தகரைப் பக்கம் என்றால் உப்புக் காற்றில் கம்பி பச்சை பிடித்துவிடும். நான் ரப்பர் டேப் சுற்றி, எல்என்பிக்குக் கீழே ஒயரை ஒரு வளையம் தொங்கவிட்டுத்தான் கட்டுவேன், தண்ணீர் அங்கேயே சொட்டிவிடும்.

பாளை மாடிவீடு:

மெக்கானிக் அண்ணாச்சி, நன்றி. மாடியில் ஏறிப் பார்த்தேன். பக்கத்துத் தோட்டத்துத் தென்னையின் ஒரு ஓலை நிழல் டிஷ்ஷின் மேல் ஓரத்தில் விழுகிறது. அந்த வீட்டு மாமாவிடம் பேச வேண்டும். போன கார்த்திகை மழையில் எங்கள் வீட்டில் மட்டும் ஏன் படம் போனது என்பதும் இப்போது புரிகிறது.

தென்காசி சாரல்:

எல்லோரும் ஃப்ரீ டிஷ். எங்கள் வீட்டில் அம்மாவும் சித்தியும் பார்க்கும் சீரியல் எல்லாம் கட்டணச் சேனலில். அதன் தரவை நேராக இறக்கினால் பூட்டு போட்டபடியேதான் கிடைக்கும். அதனால் செட்டாப் பாக்ஸின் மஞ்சள், சிவப்பு, வெள்ளை ஒயர்களை யூஎஸ்பி கேப்சர் துண்டில் செருகிப் பதிகிறேன். தரம் பழைய டிவி அளவுக்குத்தான், சீரியலுக்கு அது போதும். சேனலை மாற்ற ஆள் வேண்டுமே என்பதற்கு, ரிமோட் போலவே கண் சிமிட்டும் இன்ஃப்ராரெட் எல்இடி ஒன்றைப் பெட்டியின் முன்னால் ஒட்டி, எல்ஐஆர்சி என்ற ரிமோட் மென்பொருள் வழியாகக் கணினி அதற்குக் கட்டளை கொடுக்கிறது. மூன்று இலக்கச் சேனல் எண்ணை விறுவிறு என்று அனுப்பினால் பெட்டி நடு எண்ணை விழுங்கிவிடும், 145 கேட்டால் 15க்குப் போய் நிற்கும். ஒவ்வொரு எண்ணுக்கும் நடுவில் அரை நொடி இடைவெளி விடுங்கள். பதிவு தொடங்க இரண்டு நிமிடம் முன்பாக ஓகே பொத்தானையும் ஒருமுறை அனுப்புங்கள், யாரும் தொடாத பெட்டி தூங்கப் போயிருக்கும்.