மலையாளப் படிவத்தில் ஒரு தமிழ்க் கையெழுத்து

கொழிஞ்சாம்பாறையிலிருந்து:

மருந்து ஆய்வுகளைக் கண்காணிக்கும் கம்பெனிகளுக்கு இன்டர்வியூ போனவர்கள் அனுபவத்தை எழுதுங்கள் என்று கேட்டிருந்தீர்கள். நான் போன மாதம் கொச்சிக்குப் போய் வந்தேன். பி.ஃபார்ம் முடித்து, கோயம்புத்தூரில் ஒரு மருத்துவமனையில் ஒன்றரை வருடம், ஆய்வின் அன்றாட வேலைகளைக் கவனிக்கிற ஸ்டடி கோஆர்டினேட்டராக இருந்திருக்கிறேன். இன்டர்வியூ போனது சி.ஆர்.ஏ. (கிளினிக்கல் ரிசர்ச் அசோசியேட்) வேலைக்கு. மருத்துவமனை மருத்துவமனையாகப் போய் ஆய்வு ஒழுங்காக நடக்கிறதா என்று பார்க்கிற மானிட்டர் வேலை.

முதலில் 30 நிமிட எழுத்துத் தேர்வு. மருந்து ஆய்வுகளுக்கான 2019 விதிகளைப் படித்திருந்தால் பயமில்லை. ஆய்வில் இருப்பவருக்குக் கடுமையான பாதிப்பு வந்தால் ஆய்வை நடத்தும் டாக்டர் 24 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும், 14 நாளுக்குள் விரிவான அறிக்கை போக வேண்டும், ஆய்வுக்கு அனுமதி கொடுக்கிற எத்திக்ஸ் கமிட்டியில் குறைந்தது 7 பேர் இருக்க வேண்டும், இப்படித்தான் கேட்டார்கள்.

அப்புறம் உள்ளே கூப்பிட்டார்கள். ஒரு சாரும் ஒரு மேடமும் இருந்தார்கள். மேடம் ஒரு தாளை நீட்டி, "இதில் என்ன தெரிகிறது?" என்றார். மருந்து வைக்கும் ஃபிரிட்ஜின் வெப்பநிலைப் பதிவு அது. 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். ஒரு மாதம் முழுக்க 5 டிகிரி என்றே எழுதியிருந்தது. அளவில் தப்பு இல்லையே என்று முதலில் நினைத்தேன். பிறகுதான் ஞாயிற்றுக்கிழமைகள் கண்ணில் பட்டன. அன்றும் அதே பேனா, அதே கையெழுத்து. ஒரே ஆள் 30 நாளும் லீவே எடுக்காமல் வந்தாரா, ஃபிரிட்ஜ் அரை டிகிரிகூட ஏறி இறங்கவில்லையா என்று கேட்டேன். மேடம் தலையசைத்தார். மானிட்டர் பார்க்க வேண்டியது எண் சரியா என்பதை மட்டும் இல்லை, அந்த எண்ணை அன்றைக்கு நிஜமாகவே யாராவது பார்த்து எழுதினார்களா என்பதையும்தான்.

அதற்குப் பிறகு வந்த கேள்வியைத்தான் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன். என் பயோடேட்டாவில் தமிழ் மீடியம் என்று இருந்ததைப் பார்த்துவிட்டு மேடம் சொன்னார்: "பாலக்காட்டில் ஒரு சைட், அதாவது ஆய்வு நடக்கிற மருத்துவமனை. ஆய்வில் சேர்ந்த ஒரு அம்மாவின் ஃபைலை எடுக்கிறீர்கள். ஒப்புதல் படிவம் மலையாளத்தில் இருக்கிறது. கையெழுத்து தமிழில் இருக்கிறது. என்ன செய்வீர்கள்?"

யோசிக்காமல் சொல்லிவிட்டேன்: "அந்த அம்மாவைக் கூப்பிட்டு நானே தமிழில் விளக்குவேன்."

"அங்கே நீங்கள் யார்?" என்று மட்டும் கேட்டார்.

அப்போதுதான் உறைத்தது. விளக்கிச் சொல்லி ஒப்புதல் வாங்குவது டாக்டரின் பொறுப்பு. நான் போய் விளக்கினால், கண்காணிக்க வந்தவளே ஆய்வு நடத்துகிறவள் ஆகிவிடுவேன். நிதானமாக மறுபடி ஆரம்பித்தேன். எத்திக்ஸ் கமிட்டி அனுமதித்த தமிழ்ப் படிவம் அந்த சைட்டில் இருக்கிறதா என்று பார்ப்பேன். எந்த மொழியில் பேசினார்கள் என்று டாக்டர் குறிப்பில் எழுதியிருக்கிறதா என்று பார்ப்பேன். டாக்டரிடம் பேசி, அந்த அம்மாவுக்குத் தமிழில் எல்லாவற்றையும் சொல்லி, தொடர அவருக்கு விருப்பம் இருந்தால் மட்டும் தமிழ்ப் படிவத்தில் அன்றைய தேதி போட்டுக் கையெழுத்து வாங்கச் சொல்வேன். பழைய தேதி போடக் கூடாது. பழைய தாளைக் கிழிக்கவும் கூடாது. நடந்ததை டீவியேஷனாக (விதிமுறை விலகலாக) என் அறிக்கையில் எழுதுவேன், கமிட்டிக்கும் தெரிவிக்கச் சொல்வேன்.

"இது அவ்வளவு பெரிய விஷயமா? அந்த அம்மா மலையாளம் பேசுவாரே" என்றார் சார். நான் என் அம்மிச்சியை, அம்மாவின் அம்மாவைப் பற்றிச் சொன்னேன். சந்தையில் மலையாளத்தில் பேரம் பேசுவார், ஆனால் மலையாளத்தில் ஒரு எழுத்துகூடப் படிக்கத் தெரியாது. கண் ஆபரேஷனுக்குப் போனபோது நர்ஸ் "இவிடெ ஒப்பிட்டோளூ" என்று விரல் வைத்துக் காட்டினார், அம்மிச்சி தமிழில் பெயரை எழுதினார். எழுதத் தெரிந்தவர் என்பதால் மலையாளம் படிக்கத் தெரியுமா என்று யாருமே கேட்கவில்லை. கைநாட்டு வைத்திருந்தாலாவது யாராவது வாசித்துக் காட்டியிருப்பார்கள். பாலக்காடு மாவட்டத்தில் எங்கள் சித்தூர் தாலுகாவில் இப்படி எத்தனையோ பேர். அவருக்குப் புரிகிற மொழியில் இருக்க வேண்டும் என்று விதியே சொல்கிறது. எங்கள் ஊரில் அந்த வரி எவ்வளவு முக்கியம் என்று எனக்குத் தெரியும்.

இரண்டு வாரம் கழித்து ட்ரெயினியாக எடுத்துக்கொண்டார்கள்.

ஆந்திராவின் நகரியிலிருந்து:

அக்கா, எனக்கு ஐதராபாத்தில் இன்டர்வியூ. என்னைக் கம்மம் பற்றிக் கேட்டார்கள். அப்போதைய ஆந்திராவில், 2009ல் பள்ளிப் பிள்ளைகளுக்கு கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயைத் தடுக்கும் எச்.பி.வி. தடுப்பூசி போட்ட திட்டம். விடுதியில் தங்கிப் படித்த பிள்ளைகளுக்குப் பெற்றோருக்குப் பதிலாக வார்டன்கள் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். 2010ல் நிறுத்தினார்கள், 2013ல் நாடாளுமன்றக் குழு கடுமையாக அறிக்கை கொடுத்தது. இதெல்லாம் சொன்னேன். ஆனால் ஃபைலில் ரத்த அழுத்தம் 150, கம்ப்யூட்டரில் 130 என்று இருந்தால் என்ன செய்வாய் என்றதும் "திருத்திவிடுவேன்" என்றேன். அதோடு போயிற்று. எனக்கும் தெலுங்கு பேச மட்டும்தான் வரும். அது ஒரு குறையா அக்கா?

கொழிஞ்சாம்பாறையிலிருந்து:

தம்பி, மானிட்டர் எதையும் திருத்தக் கூடாது. கேள்வியாக எழுப்ப வேண்டும், சைட்டில் இருப்பவர்கள்தான் பதில் சொல்லித் திருத்துவார்கள். காகிதத்தில் என்றால் பழைய எண் தெரிகிற மாதிரி ஒரே கோடு, பக்கத்தில் கையொப்பம், தேதி. வொயிட்னர் ஆகவே ஆகாது. தெலுங்கு எழுத்தை இப்போதே கற்றுக்கொள், ஆஸ்பத்திரிக் குறிப்புகள் பெரும்பாலும் ஆங்கிலம் என்றாலும் ஒப்புதல் படிவம் தெலுங்கில்தான் இருக்கும். இன்னொன்று, முன்பு வேலை பார்த்த இடத்து நோயாளி காகிதம் எதையும் காட்டுவதற்காக எடுத்துப் போகாதே. எனக்கு முன்னால் போனவர் ஃபோனில் படம் எடுத்து வைத்திருந்தார். ஐந்தே நிமிடத்தில் வெளியே வந்துவிட்டார்.