கடை சிஸ்டத்தில் குரோம் 109-ஐத் தாண்ட மாட்டேங்குது, பேங்க் வேலை பண்ணலாமா?

தாராவி_90அடி:
வணக்கம். 90 அடி ரோட்டில் ஜெராக்ஸ், ஆன்லைன் ஃபார்ம், டிக்கெட் கடை. ஐந்து சிஸ்டம். இரண்டில் விண்டோஸ் 7, 4 ஜிபி ராம். மூன்றில் விண்டோஸ் 10. வாடிக்கையாளர்கள் மெயில் திறந்து பிரிண்ட் எடுப்பதும் இவற்றில்தான், கடையின் நெட் பேங்கிங்கும் இவற்றில்தான். குரோமுக்கு செர்ட்-இன் (மத்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பு) எச்சரிக்கை என்று வாட்ஸாப்பில் சுற்றுகிறது. விண்டோஸ் 7-ல் குரோம் 109-லேயே நிற்கிறது. மற்றதில் மூன்று புள்ளி பக்கத்தில் அப்டேட் குறி ஆரஞ்சு, சிவப்பு என்று மாறுகிறது. ஒன்றில் வலது கீழ் மூலையில் "5 வைரஸ் உள்ளது" என்று வந்துகொண்டே இருக்கிறது. புது சிஸ்டம் வாங்க இப்போது கல்லாவில் காசில்லை. எதை முதலில் பார்ப்பது?

செம்பூர்_சிஸ்அட்மின்:
அண்ணே, முதல்ல அந்தச் சிவப்பு. செலவில்லாம இன்னைக்கே முடியற வேலை. குரோம் பின்னாடியே புதுப் பதிப்பை இறக்கி வச்சிடும், ஆனா ஓடிட்டிருக்கறது பழசுதான். எல்லா ஜன்னலையும் மூடித் திறந்தாதான் புதுசு ஏறும். பச்சைன்னா திருத்தம் வந்து ரெண்டு நாளுக்குள்ள, ஆரஞ்சுன்னா நாலு நாள் போல, சிவப்புன்னா ஒரு வாரம் ஆயாச்சு. கடைகள்ல பிரௌசரை மூடறதே இல்லை. ராத்திரி மானிட்டரை அணைச்சு ஷட்டரை இறக்கிட்டுப் போயிடறாங்க.

பாதுகாப்பு ஓட்டையை அடைச்ச பிறகுதான் அடைக்காதவனுக்கு ஆபத்து கூடும். குரோமுக்கு அடிப்படையான குரோமியத்தோட மூல நிரலை யார் வேணா படிக்கலாம். எந்த வரியை மாத்தினாங்கன்னு பார்த்தே ஓட்டை எங்க இருந்ததுன்னு தாக்கறவன் கண்டுபிடிச்சிடுவான். அந்த இடைவெளியைக் குறைக்கத்தான் 2023 ஆகஸ்டில் 116-ஆம் பதிப்பிலிருந்து வாராவாரம் பாதுகாப்புத் திருத்தம் விடறாங்க.

சி.வி.இ. 2023-4863-ஐ எடுத்துக்குங்க (சி.வி.இ.ங்கறது ஒவ்வொரு ஓட்டைக்கும் கொடுக்கிற பதிவு எண்). வெப்பி (WebP) வகைப் படத்தைப் பிரிக்கிற லிப்வெப்பிங்கற நிரல் தொகுப்பில், சுருக்கின படத்தை விரிக்கிற ஹஃப்மன் அட்டவணை கட்டும்போது மெமரியில் ஒதுக்கின இடத்தைத் தாண்டி எழுதிடும். எதையும் இறக்க வேண்டாம், கிளிக்கும் வேண்டாம், அந்தப் படம் இருக்கிற பக்கம் திறந்தாலே போதும். குரோமில் 116.0.5845.187-லயும் ஃபயர்ஃபாக்ஸில் 117.0.1-லயும் சரி பண்ணாங்க. அதனால மூன்று புள்ளி, ஹெல்ப், அபௌட் கூகுள் குரோம் போய் எண்ணைப் பார்க்கும்போது கடைசிப் பகுதி வரைக்கும் பாருங்க. 116-தானேன்னு விட்டிருந்தா, கடைசி எண் 187-க்குக் கீழ இருந்தவங்களுக்கு ஓட்டை அப்படியேதான் இருந்தது.

செர்ட்-இன் அறிவிப்பு புரளி இல்லை, வழக்கமா வர்றதுதான். எந்தப் பதிப்புக்கு முந்தினதுக்கு ஆபத்துன்னு அதில் எண் இருக்கும். வாட்ஸாப்காரங்க எண்ணை வெட்டிட்டு பயத்தை மட்டும் ஃபார்வர்ட் பண்றாங்க.

பழைய_மதர்போர்டு:
விண்டோஸ் 7-க்கு 109தான் கடைசி, 2023 ஜனவரியில் வந்தது. மைக்ரோசாஃப்டும் அதே மாதம் 10-ஆம் தேதியோடு கட்டண ஆதரவையும் நிறுத்திவிட்டது. பிரௌசருக்கு சாண்ட்பாக்ஸ் என்று ஒரு வேலி உண்டு. வலைப்பக்க நிரலை ஓட்டும் ஜாவாஸ்கிரிப்ட் இன்ஜினில் ஓட்டை கிடைத்தாலும், வேலியைத் தாண்ட இன்னொரு ஓட்டை வேண்டும். உங்கள் சிஸ்டத்தில் அந்த இரண்டாவது ஓட்டை விண்டோஸிலேயே அடைக்காமல் கிடக்கிறது. விண்டோஸ் 7-ல் ஓடும் ஃபயர்ஃபாக்ஸ் 115 ஈ.எஸ்.ஆர். (நீண்ட கால ஆதரவுப் பதிப்பு) கிளைக்கு மட்டும் திருத்தங்களை நீட்டித்தார்கள். அது தற்காலிக முட்டு, அஸ்திவாரம் இல்லை. அந்த இரண்டிலும் பேங்க் வேண்டவே வேண்டாம்.

காசில்லாத வழி: விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளம், அதில் எடை குறைந்த எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு. 4 ஜிபி ராமில் தாராளமாக ஓடும். 8 ஜிபி பென்டிரைவில் எழுதி, நிறுவாமல் லைவாக பூட் செய்து முதலில் பிரிண்டரைச் சோதியுங்கள். இங்கேதான் மாட்டிக்கொள்வீர்கள். கேனன் எல்.பி.பி. 2900 என்றால் அதன் கேப்ட் டிரைவரோடு லினக்ஸில் அரை நாள் மல்லுக்கட்ட வேண்டும். எச்.பி. லேசர்கள் பெரும்பாலும் எச்.பி.லிப் என்ற லினக்ஸ் டிரைவரில் தானே வந்துவிடும். விரல்ரேகைக் கருவி வைத்திருந்தால் அதை விண்டோஸ் 10 சிஸ்டத்திலேயே விடுங்கள்.

விண்டோஸ் 10-ன் இலவச ஆதரவும் 2025 அக்டோபர் 14-ல் முடிந்தது. இ.எஸ்.யூ. (நீட்டித்த பாதுகாப்புத் திருத்தங்கள்) பதிவு செய்யாவிட்டால் குரோம் மட்டும் புதுசு, அடியில் இருப்பது பழசு.

கோலிவாடா_வாசி:
அந்த "5 வைரஸ்" வைரஸே இல்லை, பிரௌசர் ஓட்டையும் இல்லை. ஏதோ ஒரு தளத்தில் யாரோ "அலோ" அழுத்தியிருக்காங்க. செட்டிங்ஸ், பிரைவசி அண்ட் செக்யூரிட்டி, சைட் செட்டிங்ஸ், நோட்டிஃபிகேஷன்ஸ். அனுமதி கொடுத்த பட்டியலில் தெரியாததை எல்லாம் நீக்குங்க. மேலேயே, எந்தத் தளமும் கேட்க முடியாதபடி அணைச்சிடுங்க.

கடைப் பையன்களுக்கு ஒண்ணு சொல்லி வைங்க: "நான் ரோபோ இல்லை" பக்கம் விண்டோஸ் விசையும் R விசையும் சேர்த்து அழுத்து, கண்ட்ரோல் வி, என்டர்னு சொன்னா உடனே மூடணும். அது கிளிப்போர்டில் கட்டளையை ஒட்டி வச்சிருக்கும், நம்ம கையாலயே ஓட வைக்கும். எந்தப் பதிப்பு குரோம் இருந்தாலும் தடுக்காது. அதே மாதிரி அப்டேட் கேட்கிற வலைப்பக்கம் எல்லாமே பொய். அப்டேட் அபௌட் பக்கத்தில் மட்டும்தான்.

எக்ஸ்டென்ஷனையும் பாருங்க. பிடிஎஃப் மாத்தறது, ஸ்கிரீன்ஷாட்னு கடை சிஸ்டத்தில் ஏழெட்டு கிடக்கும். "எல்லாத் தளங்களிலும் உங்கள் தரவைப் படிக்கவும் மாற்றவும்" அனுமதி வாங்கினது எதுவும் பேங்க் பக்கத்தையும் படிக்கும். போடும்போது நல்லதா இருந்ததும் கைமாறும். கிரேட் சஸ்பெண்டர் வேற ஆள் கைக்குப் போய், 2021 பிப்ரவரியில் தீங்கு நிரல்னு கூகுளே தூக்கினது. விளம்பரத் தடுப்பு ஒண்ணு போதும்: குரோமில் யூபிளாக் ஆரிஜின் லைட், ஃபயர்ஃபாக்ஸில் முழு யூபிளாக் ஆரிஜின்.

வாடிக்கையாளருக்கு கெஸ்ட் ஜன்னல். மூடினதும் குக்கி (உள்ளே நுழைஞ்சதைத் தளம் நினைவு வச்சுக்கிற சின்னக் கோப்பு) போயிடும். லாகின் குக்கி திருட்டுப் போனா ஓடிபி கேட்காமலே உள்ளே நுழையலாம், அதனால இது முக்கியம். ஆனா டவுன்லோட்ஸ் ஃபோல்டரை கெஸ்ட் தொடாது! அடுத்தவர் ஆதார், பான் பிடிஎஃப் எல்லாம் அங்கேயே குவிஞ்சிருக்கும். நாள் முடிவில் ஷிஃப்ட் டெலீட்.

தாராவி_90அடி:
நன்றி. ஒரு விண்டோஸ் 10 சிஸ்டத்தை பேங்குக்கு மட்டும் ஒதுக்கிவிட்டேன். அதில் அட்மின் இல்லாத கணக்கு வைத்தால் குரோம் அப்டேட் ஆகுமா?

செம்பூர்_சிஸ்அட்மின்:
ஆகும், ஆனா எங்க நிறுவியிருக்குன்னு பாருங்க. ஷார்ட்கட்ல ரைட் கிளிக், ப்ராப்பர்ட்டீஸ், டார்கெட். ப்ரோக்ராம் ஃபைல்ஸ்னு இருந்தா அப்டேட் சர்வீஸ் சிஸ்டம் உரிமையில ஓடும், கவலையில்லை. AppData-ன்னு இருந்தா அது அந்த ஒரு கணக்குக்கு மட்டும் போட்டது. அதை நீக்கிட்டு அட்மின்ல நுழைஞ்சு திரும்ப நிறுவுங்க. நீக்கறதுக்கு முன்னாடி புக்மார்க்கை எடுத்து வச்சுக்குங்க.