எலக்ட்ரோகெமிஸ்ட்ரி லேபில் உங்களால் மறக்க முடியாத ஆள் யார்?

இந்த வாரம் எங்கள் குழுவில் புதிதாக ஒரு மாணவி சேர்ந்தாள். அவளுக்கு எலக்ட்ரோடு பாலிஷ் செய்யச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். பாதியில்தான் உறைத்தது, நான் பேசிய ஒவ்வொரு வார்த்தையும் ஏழு வருடம் முன்பு லேப் சீனியர் அண்ணன் ஒருவர் எனக்குச் சொன்னது. அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

சேர்ந்த முதல் நாளே பெரிய கருவி எதையாவது தொட விடுவார்கள் என்று நினைத்துப் போனேன். அண்ணன் கொடுத்தது ஒரு கிளாசி கார்பன் எலக்ட்ரோடு. பென்சில் நீளம்கூட இல்லை, நுனியில் 3 மி.மீ. அகலத்துக்கு ஒரு கறுப்புப் பொட்டு, அவ்வளவுதான். துணியில் அலுமினாப் பொடியைத் தண்ணீர் விட்டுக் குழைத்து வைத்து, "எட்டு போடு" என்றார். ஒரே திசையில் தேய்த்தால் ஒரு பக்கமாகத் தேயும், எட்டு போட்டால்தான் சமமாகத் தேயும். முதலில் 1 மைக்ரான் பொடி, அப்புறம் 0.3, கடைசியில் 0.05. ஒவ்வொன்றுக்கும் தனித் துணி. துணி மாறிப்போனால் திரும்ப முதலிலிருந்து. பிறகு சோனிகேட்டரில், அதாவது ஒலி அதிர்வில் கழுவும் தொட்டியில் கழுவி, பொட்டாசியம் ஃபெர்ரிசயனைடு கரைசலில் சி.வி. எடுக்க வேண்டும்: வோல்டேஜை ஏற்றி இறக்கி, ஓடும் மின்னோட்டத்தை வரைவது. போகும்போது ஒரு முகடு, திரும்பும்போது ஒரு பள்ளம். இரண்டுக்கும் நடுவே எத்தனை மில்லிவோல்ட் என்பதுதான் மார்க். ஒரு எலக்ட்ரான் மாறும் வினைக்கு, 25 டிகிரியில், கணக்குப்படி 59. அண்ணனின் சட்டம் 70. அதற்குள் வந்தால் அவர் மேசைக்கு வரலாம், இல்லையென்றால் வரக்கூடாது.

எனக்கு முதல் நாள் 180. மறுநாள் 140. மூன்றாம் நாள் 145 வந்தபோது அழுகையே வந்துவிட்டது. பின்னால் வந்து நின்று என் கையைப் பார்த்தார். "ஏன் இப்படி அழுத்துற, யார் மேல கோபம்?" என்றார். எலக்ட்ரோடைச் சாய்த்துப் பிடித்து, ஒரு ஓரத்தை மட்டும் மூன்று நாளாக அரைத்துக்கொண்டிருந்திருக்கிறேன். எட்டாம் நாள் 68. ஒன்றும் சொல்லவில்லை, பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டார்.

உங்கள் லேபில் இப்படி யார் இருந்தார்கள்? சொல்லுங்கள்.

*

எங்கள் மேடம். குழுவின் தலைவரே அவர்தான்.

வோல்டேஜ் கொடுத்து மின்னோட்டம் அளக்கும் பொட்டன்ஷியோஸ்டாட் கருவியிலிருந்து வரும் கிளிப்புகள் தெரியுமல்லவா? நாம் ஆராயும் பொருளான வொர்க்கிங்குக்கு ஒன்று, வோல்டேஜை ஒப்பிட்டு அளக்க உதவும் ரெஃபரன்ஸுக்கு ஒன்று, மின்னோட்டத்தை வாங்கிக்கொள்ளும் கவுண்டருக்கு ஒன்று. எங்கள் பழைய கருவியில் பச்சைதான் வொர்க்கிங், சிவப்பு கவுண்டர். புதிதாக வேறு கம்பெனிக் கருவி வந்தது. அதில் சிவப்புதான் வொர்க்கிங். யாரும் எனக்குச் சொல்லவில்லை, நானும் கையேட்டைத் திறக்கவில்லை. பழைய பழக்கத்தில் சிவப்பைக் கொண்டுபோய்க் கவுண்டரான பிளாட்டினம் கம்பியில் மாட்டினேன்.

நான் செய்துவைத்திருந்தது நான்கு வகைக் கார்பன். கந்தக அமிலத்தில் நான்குக்கும் ஒரே மாதிரி அழகான வரைபடம். கலவை மாறினாலும் தன்மை மாறவில்லை என்று நானே ஒரு தத்துவம் கட்டி, க்ரூப் மீட்டிங்கில் திரையில் போட்டேன். மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். "இது எனக்குத் தெரிஞ்ச முகமாச்சே" என்றார். இடதுபக்கம் ஹைட்ரஜன் ஒட்டி விலகும் சின்ன முகடுகள், திரும்பும் வழியில் ஆக்சைடு கழியும் ஒரு பெரிய பள்ளம். அமிலத்தில் பிளாட்டினத்தின் கைரேகை அது. இரண்டு வாரமாக நான் அளந்தது என் கார்பனை இல்லை, கவுண்டர் கம்பியை. நான்கு தடவையும் அதே கம்பி, பின்னே வரைபடம் எப்படி மாறும்?

திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். "கம்பி நல்லா சுத்தமா இருக்கு, யார் கழுவினது?" என்று மட்டும் கேட்டார். நான்தான், மேடம்.

*

மேலே பிளாட்டினம் பேச்சு வந்ததால் சொல்கிறேன். பி.எச்டி. முடித்துவிட்டு எங்கள் லேபில் ஆராய்ச்சி செய்யும் போஸ்ட்டாக் அக்கா ஒருவர் என்னை ஒரு பெரிய அவமானத்திலிருந்து காப்பாற்றினார்.

விலை குறைந்த பொருளை வைத்துத் தண்ணீரிலிருந்து ஹைட்ரஜன் எடுப்பது என் வேலை. என் கேட்டலிஸ்ட் (வினையூக்கி) நாளுக்கு நாள் மேம்பட்டுக்கொண்டே போனது. ஆயிரம் சுற்று ஓட்டினால் கொஞ்சம் நல்லது, ஐயாயிரம் ஓட்டினால் இன்னும் நல்லது. ஓடஓட இளமையாகும் கேட்டலிஸ்ட்! காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு. நானோ பேப்பருக்குத் தலைப்புகூட யோசித்துவிட்டேன்.

அக்கா படத்தைப் பார்க்கவே இல்லை. நேராக செல்லுக்கு முன் போய்க் குனிந்து பார்த்தார். "கவுண்டர் என்ன போட்டிருக்க?" "பிளாட்டினம்தான் அக்கா." "எடுத்துட்டு கிராஃபைட் கம்பியைப் போட்டு ஓட்டு." போட்டேன். முன்னேற்றம் நின்றுபோனது. நம் பக்கம் ஹைட்ரஜன் வரும்போது எதிர்ப்பக்கக் கம்பி ஆக்சிஜனேற்றத்துக்கு ஆளாகிறது. அமிலத்தில் பிளாட்டினம் துளித்துளியாகக் கரைந்து, கரைசல் வழியே வந்து, நம் எலக்ட்ரோடில் படிகிறது. ஹைட்ரஜன் எடுக்கப் பிளாட்டினத்தை மிஞ்ச ஆள் கிடையாது, கண்ணுக்குத் தெரியாத அளவு படிந்தாலே போதும். மேற்பரப்பில் என்னென்ன தனிமங்கள் இருக்கின்றன என்று காட்டும் எக்ஸ்.பி.எஸ். எடுத்துப் பார்த்தபோது அங்கே பிளாட்டினம் உட்கார்ந்திருந்தது.

இதில் நான் சொல்ல வந்தது அக்காவைப் பற்றி. அன்று மாலை தன் பழைய நோட்டைக் கொண்டுவந்து ஒரு பக்கத்தைத் திருப்பிக் காட்டினார். அவரும் முதல் வருடம் இதையேதான் செய்திருக்கிறார், பக்கத்தில் மூன்று ஆச்சரியக்குறி வேறு போட்டு வைத்திருந்தார்.

*

உங்களுக்குப் பிளாட்டினம், எங்களுக்கு இரும்பு. நிக்கல் ஹைட்ராக்சைடு எலக்ட்ரோடு தண்ணீரிலிருந்து ஆக்சிஜனை நன்றாக வெளியேற்றுகிறது என்று கொண்டாடிக்கொண்டிருந்தோம். கடையில் வாங்கிய பொட்டாசியம் ஹைட்ராக்சைடில் ஒட்டியிருக்கும் இரும்புத் துகள் நிக்கலுக்குள் புகுந்து செய்யும் வேலை அது. 1987-லேயே எழுதி வைத்துவிட்டார்கள், நாங்கள்தான் படிக்கவில்லை. சீனியர் ஒருவர் நிக்கல் ஹைட்ராக்சைடு பொடியைப் போட்டுக் கலக்கியே கரைசலிலிருந்து இரும்பை வடித்துக் கொடுப்பார். அதைக் கண்ணாடிப் பாட்டிலில் ஊற்றினால் கத்துவார், காரம் கண்ணாடியையும் அரித்துவிடும். பிளாஸ்டிக் பாட்டில் மட்டும்தான்.

*

ஸ்காலர், போஸ்ட்டாக், பேராசிரியர் என்றே போகிறதே. எனக்கு மறக்க முடியாதவர் கண்ணாடி ஊதுகிறவர். பட்டம் எதுவும் கிடையாது. எங்கள் துறையின் பாதி செல்கள் அவர் ஊதியவை.

லக்கின் நுனி ஒன்று வேண்டும் என்று போனேன். ரெஃபரன்ஸை வொர்க்கிங்குக்குப் பக்கத்தில் கொண்டுபோக உதவும் மெல்லிய கண்ணாடிக் குழாய் அது. முடிந்தவரை ஒட்டினால்போல் வேண்டும் என்று கேட்டேன். சுடரில் குழாயைச் சுழற்றிக்கொண்டே, "ரொம்ப ஒட்டினா நிழல் விழும் சார்" என்றார். எனக்குப் புரியவில்லை. அறைக்கு வந்து புத்தகத்தைப் புரட்டினால், நுனியின் வெளி விட்டத்தைப்போல் இரண்டு மடங்காவது தள்ளி வைக்க வேண்டும், இல்லையென்றால் மின்னோட்டம் போகும் வழியை அதுவே மறைத்துவிடும் என்று போட்டிருக்கிறது. புத்தகம் சொன்னதை அவர் கை சொன்னது. அவரை நாங்கள் எந்தப் பேப்பரிலும் ஆசிரியராகச் சேர்க்கவில்லை, கடைசியில் ஒரு வரி நன்றி. இன்றுவரை அது எனக்கு உறுத்தல்தான்.

*

எல்லாரும் நல்லவர்களையே சொல்கிறீர்கள். எனக்கு வாய்த்த சீனியர் வேறு ரகம். முன்பதிவுத் தாளில் இரண்டு வாரத்துக்குத் தன் பெயரையே எழுதிவைத்துவிட்டு வரமாட்டார். இம்பீடன்ஸ் (பல அதிர்வெண்களில் மின்னோட்டத்துக்கு எவ்வளவு தடை என்ற அளவு) எடுக்க எனக்குக் கிடைத்தது இரவு பதினொன்று முதல்தான். குறைந்த அதிர்வெண்ணுக்கு வந்தால் ஒரு புள்ளிக்கே நிமிடக்கணக்கில் காத்திருக்க வேண்டும், மேசையில் தலை வைத்துத் தூங்கியிருக்கிறேன்.

ஆனால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஒரு நாள் என் அளவு தாறுமாறாக ஆடியது, கருவி ஓவர்லோடு என்று கத்திக்கொண்டே இருந்தது. இரண்டு நாள் சாம்பிளைக் குறை சொல்லிக்கொண்டிருந்தேன். அந்த மனிதர் போகிற போக்கில் ரெஃபரன்ஸ் எலக்ட்ரோடை உருவி, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, நகத்தால் இரண்டு சுண்டு சுண்டினார். நுனியில் சிக்கியிருந்த காற்றுக்குமிழ் மேலே ஏறியது. திரும்பச் செருகிவிட்டு ஒரு வார்த்தை பேசாமல் போய்விட்டார். நன்றி சொல்லவும் மனமில்லை, திட்டவும் முடியவில்லை.

*

நான் எழுதலாமா வேண்டாமா என்று யோசித்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

எங்கள் குழுவில் ஒரு தோழி நைட்ரஜனிலிருந்து மின்சாரத்தால் அம்மோனியா எடுக்கும் வேலையில் இருந்தாள். கரைசலில் சில வேதிப்பொருள்களைக் கலந்தால் நீலம் வரும். எவ்வளவு நீலமோ அவ்வளவு அம்மோனியா. இரண்டு வருடம் நல்ல நீலம் வந்தது. 2019-இல் நேச்சர் இதழில் இதற்கான கறாரான சோதனை முறை ஒன்று வந்தது. நைட்ரஜனுக்குப் பதில் ஆர்கான் விட்டுப் பார், 15 எடையுள்ள நைட்ரஜன் ஐசோடோப்பை வைத்து உறுதிசெய் என்று. படித்த அன்று இரவே அவள் ஆர்கான் விட்டுப் பார்த்தாள். நைட்ரஜனே விடாமல் அதே நீலம்.

அம்மோனியா காற்றில் இருக்கிறது, மூச்சில் இருக்கிறது, கையுறையிலிருந்தும் வரும். அளக்கிற அளவோ மிகமிகச் சின்னது. வாயுவை அமிலத்தில் கழுவி விட்டாள், பாத்திரங்களை மாற்றினாள், ஒவ்வொரு கதவாகச் சாத்திக்கொண்டே வந்தாள். நீலம் வெளுத்துக்கொண்டே வந்து கடைசியில் இல்லாமல் போனது. பரிசீலனையில் இருந்த பேப்பரைத் திரும்பப் பெறலாம் என்று சொன்னது அவள்தான். கைடு ஒரு வாரம் பேசவில்லை, அப்புறம் அவரே கடிதத்தை எழுதிக் கையெழுத்துப் போட்டார். தீசிஸில் எங்கிருந்தெல்லாம் பொய் அம்மோனியா வந்தது என்று ஒரு முழு அத்தியாயம் எழுதினாள். எங்கள் லேபில் இன்று புதிதாக வருபவர்களுக்கு முதலில் படிக்கக் கொடுப்பது அதைத்தான்.

*

கனமாகப் போகிறது, கொஞ்சம் லேசாக ஒன்று. நான் பேட்டரிப் பக்கம். காற்றுப் புகாத கிளவ் பாக்ஸுக்குள் கையை விட்டுக் காயின் செல், அதாவது நாணய வடிவச் சின்ன பேட்டரி கட்டுகிறேன். மூடி, எலக்ட்ரோடு, செப்பரேட்டர், இரண்டு மூன்று சொட்டு எலக்ட்ரோலைட், லித்தியம், ஸ்பேசர், ஸ்பிரிங், மேல்மூடி என்று அடுக்கி, அழுத்தி மூடிக் கிரிம்ப் செய்தால் முடிந்தது. எனக்கு வந்த செல்லெல்லாம் வோல்டேஜ் குறைவாகவே காட்டியது. பக்கத்துப் பெட்டியில் வேலை செய்தவர் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சிரித்தார். முடித்த செல்லை இரும்புச் சாமணத்தால் மேலும் கீழுமாகப் பிடித்து எடுத்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொன்றையும் கட்டி முடித்த கையோடு நானே ஷார்ட் செய்திருக்கிறேன். மறுநாள் என் இடத்தில் ஒரு பிளாஸ்டிக் சாமணம் இருந்தது, அதன் மேல் என் பெயர்.

*

முதலில் எழுதியவன்தான். எல்லாவற்றையும் படித்தேன். ஆர்கான் கதையை மூன்று தடவை படித்தேன்.

அண்ணன் இப்போது எங்கே என்று ஒருவர் கேட்டிருந்தார். பேட்டரி செய்யும் நிறுவனத்தில் இருக்கிறார். நேற்றுப் பேசினேன், புது மாணவி சேர்ந்ததைச் சொன்னேன்.

"எவ்வளவு வந்தது?"

"முதல் நாளே 66 அண்ணா."

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. "முதல் நாளேவா? வேற எலக்ட்ரோடைக் கொடுத்து எடுக்கச் சொல்லு" என்றார். இன்று காலை கொடுத்திருக்கிறேன், துணியை நனைத்துக்கொண்டிருக்கிறாள்.